காசிக்குக் குழுவோடு போவதா, தனியாகவா?

கேள்வி: 2024 ஜனவரி 6

அம்மாவுக்கு 70 வயது. முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. பிரயாகை, காசி, கயா மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார். எங்கள் ஊரிலிருந்து ஒரு டூர் குழு ஒன்பது நாளில் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடுகிறதாம். ஆட்டுமந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று தம்பி சொல்கிறான். நானே விமானத்தில் அழைத்துப் போய்விடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

தனியாகப் போங்கள். உங்கள் தம்பி சொல்வதுதான் சரி.

நவம்பர் கடைசியில் அம்மாவோடு அப்படி ஒரு குழுவில் போய் வந்தேன். 42 பேர், ஒரு டூர் மேனேஜர், இரண்டு சமையல்காரர்கள். காலை நாலரைக்குக் கதவைத் தட்டுவார்கள், அதற்குள் குளித்திருக்க வேண்டும். கழுத்தில் அட்டை, தலையில் ஆரஞ்சுத் தொப்பி. எங்கே நின்றாலும் எண்ணுவார்கள். 41 வந்தால் காணாமல் போன அந்த ஒருவர் யார் என்று அரை மணி நேரம் போய்விடும். விசுவநாதர் முன்னால் எனக்குக் கிடைத்தது நாலு விநாடி. சேலைக் கடையில் கிடைத்தது இரண்டு மணி நேரம். இதற்கு மேல் என்ன சொல்ல?

ஜனவரி 7

நேற்று கோபத்தில் எழுதியது. கேட்டவருக்கு உருப்படியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

முழங்கால் வலி என்றால் யோசிக்க வேண்டியது கோவிலைப் பற்றி அல்ல, படிகளைப் பற்றி. காசி நகரம் முழுக்க ஆற்றின் மேற்குக் கரையில், மேட்டில் இருக்கிறது. எதிர்க்கரை வெறும் மணல். அதனால் எந்தப் படித்துறைக்குப் போனாலும் இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினால் ஏறித்தான் ஆக வேண்டும். படிகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி இறங்கினார்.

பெரிய பேருந்தை ஊருக்குள் விடுவதில்லை. வெளியே நிறுத்திவிட்டு டோட்டோவில், அதாவது பேட்டரி ரிக்‌ஷாவில், கோதோலியா நாற்சந்தி வரை போய், அங்கிருந்து நடை. விசுவநாதர் கோவிலுக்குள் போன், பை எதுவும் கூடாது. வழியில் இருக்கிற கடைகளில் லாக்கர் தருவார்கள், சும்மா தர மாட்டார்கள். பிரசாதத் தட்டு வாங்கினால்தான் சாவி. 42 பேருக்கும் 42 தட்டு. எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் அறையா, மேற்கத்திய கழிப்பறையா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும். ஆரத்தியை முதல் வரிசையில் பார்க்கலாமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஜனவரி 9

"காசியில் மாடு முட்டாது, பல்லி கத்தாது, கருடன் பறக்காது, பூ மணக்காது, பிணம் நாறாது." அம்மா இதை ரயிலில் இரண்டு இரவும் பெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய அம்மா சொன்னதாம். அந்தப் பாட்டி காசிக்குப் போனதே இல்லை.

காலபைரவர் கோவிலுக்குப் போகிற சந்தில் மாடு என்னை முட்டியது. இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத சந்து. எதிரே கறுப்புக் காளை. வழிவிடச் சுவரோடு ஒட்டி நின்றேன். அது போகிற போக்கில் தலையைத் திருப்பி இடுப்பில் ஒரு குத்து. காயமில்லை, மூன்று நாள் வலி. பின்னால் வந்த அம்மாவிடம் "முட்டாதுன்னு சொன்னியே" என்றேன்.

"அது மாடு இல்லடா, நந்தி. நந்தி இடிக்கும்."

பைரவரிடம் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். காசிக்குக் காவல்காரர் அவர்தான், கொத்வால் என்றே அங்கே பெயர். புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால் அவ்வளவு கூட்டம்.

ஜனவரி 9, பிறகு

பல்லியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அறையில் ஒன்று இருந்தது, டியூப்லைட்டுக்குப் பின்னால். இது தெரிந்ததும் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கத்துகிறதா என்று பார்க்க. ஈரோட்டு மாமா ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்றாவது நாள் காலையில் "ராத்திரி கத்திச்சு, என் காதால கேட்டேன்" என்றார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "குழாய் சொட்டியிருக்கும். உங்க காதுலதான் கோளாறு." வண்டியில் ஓட்டெடுப்பே நடந்தது. கத்தவில்லை என்பதற்கு 31 ஓட்டு. நானும் அந்தப் பக்கம்தான்.

ஜனவரி 14

பொங்கலுக்கு வீட்டில் இருப்பதால் பிரயாகையைப் பற்றி.

இராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் எடுத்துவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. இந்தக் கணக்கு தெரியாமல் பாதிப் பேர் வந்திருந்தார்கள். டூர் மேனேஜர் பிளாஸ்டிக் உறையில் தலைக்கு ஒரு பிடி மணல் கொடுத்தார். அது இராமேசுவரத்து மணலா, எங்கள் ஊர்க் கொள்ளிடத்து மணலா என்று எனக்குச் சந்தேகம். அம்மா என்னை முறைத்தார்.

படகில் போய்ச் சங்கமத்தில் இறங்குகிறோம். நடு ஆற்றில் இரண்டு படகுக்கு இடையே பலகை கட்டிவைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு முழுக்கு. ஒரு பக்கம் கலங்கலாகக் கங்கை, மறுபக்கம் பச்சையாக யமுனை. சேர்கிற கோடு கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவதான சரஸ்வதி கண்ணுக்குத் தெரியாதவள். சுற்றிலும் வெள்ளைப் பறவைகள். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற கடற்காகங்கள். படகுக்காரர் "ஆவ் ஆவ்" என்று கூப்பிட்டு ஓமப்பொடி மாதிரி எதையோ வீசினால் தலைக்கு மேல் கூட்டமாக வந்து விழுகின்றன. காவிரிக்கரையில் பிறந்த அம்மா ஆற்றைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "எவ்ளோ தண்ணி!"

குளிக்கும் முன்னால் கரையில் வேணிதானம். கணவன் மடியில் மனைவியை உட்கார வைத்துத் தலைவாரிப் பின்னி, நுனியில் இரண்டு அங்குலம் வெட்டி ஆற்றில் விடுவது. அந்த இடத்தில் முடி மிதக்காமல் மூழ்கும் என்று நம்பிக்கை. 60, 65 வயதுக்காரர்கள் கல்யாணத்துக்கு அப்புறம் முதல் முறையாக மனைவிக்குச் சடை பின்னுகிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று புரி எப்படி என்று மனைவிமார்கள் மடியில் உட்கார்ந்தபடியே முதுகுக்குப் பின்னால் கைநீட்டிப் பாடம் எடுத்தார்கள். ஒரே சிரிப்பு.

அம்மாவோடு சேர்த்து ஆறு பெண்கள் அந்த வரிசைக்கு வெளியே, படகோரமாக நின்றார்கள். கணவன் இல்லாதவர்கள். யாரும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, அவர்களாகவே போய் நின்றார்கள். எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அப்போது சேலத்து அக்கா ஒருவர் தன் சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த முடியை உருட்டி ஆற்றில் போட்டார். "நமக்குத் தினமும் தானம்தான், வாங்க குளிக்கலாம்." அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து நாலு வருடம் ஆகிறது. அப்பா போய் நாலு வருடம்.

ஜனவரி 15

மணலை மூன்றாகப் பிரிப்பது உண்டா என்று கேட்டதற்குப் பதில்: ஆமாம், மூன்றாகப் பிடித்துச் சேதுமாதவர், பிந்துமாதவர், வேணிமாதவர் என்று பூசித்துவிட்டு வேணிமாதவரைத்தான் திரிவேணியில் கரைப்பார்கள். நான் சுருக்கி எழுதிவிட்டேன்.

ஜனவரி 20

சேலைக் கடை. இதற்கென்று தனியாகக் கோபப்பட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

சாரநாத் போவதாகச் சொல்லி ஏற்றினார்கள். வழியில் "தறி பார்க்கலாம்" என்று ஒரு கட்டிடத்தில் இறக்கினார்கள். கீழே ஒரு தறி, ஒரு பெரியவர், மேலே தொங்குகிற துளை போட்ட அட்டைகள். ஐந்து நிமிடம். பிறகு மாடி. வெள்ளை மெத்தை விரித்து, டீ கொடுத்து, "அம்மா, உட்காருங்க" என்று தமிழிலேயே. மேனேஜர் எங்கோ மறைந்துவிட்டார். அவருக்குக் கமிஷன் என்று சொல்லத் தனியாக ஆள் வேண்டுமா?

அம்மாவின் பிறந்த வீடு உறையூரில். அடுத்த தெரு முழுக்கத் தறி. விரித்துப்போட்ட பட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினார். பின்னால் இழை தொங்குகிறதா, ஓரத்தில் ஊசிக் குத்து இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "இது மிஷின்ல ஓடினது. கைத்தறின்னு ஏன் சொல்றீங்க?" கடைக்காரர் சிரித்தபடி அதை மடித்து வைத்துவிட்டு வேறு அடுக்கை எடுத்தார். அன்று 26 பெண்களும் அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள். மாடி முழுக்க "அக்கா, இதைப் பாருங்க", "அம்மா, இது எப்படி?" அம்மா ராணி மாதிரி நடு மெத்தையில். தான் ஒன்றும் வாங்கவில்லை.

இரண்டு மணி நேரம் இப்படிப் போனதால் சாரநாத்துக்கு முக்கால் மணி. தாமேக் தூபியைச் சுற்றி வந்தோம். 43 மீட்டர் உயரம், அடிப்பாகத்துக் கல்லில் கொடி வேலைப்பாடு. புத்தர் முதல் முதலாகப் போதித்த இடம் என்று மேனேஜர் ஒரு வரியில் முடித்தார். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற நாலு சிங்கத் தலை அங்கே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, நான் அதற்காகவே போனேன். பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அது டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஆண்டு முழுக்க ஆட்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு இது தெரியாதா? தனியாகப் போகச் சொன்னது இதனால்தான்.

ஜனவரி 21

ஒரு நண்பர் கேட்கிறார்: "அம்மாவுக்கு அந்தச் சேலைக் கடை பிடித்ததா இல்லையா?" கேள்வி புரிகிறது. பிடித்தது.

ஜனவரி 27

படகு. அசி படித்துறையில் விடியும் முன் ஏறினோம். காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது, அதனால் அசியிலிருந்து தசாசுவமேதம் வரை ஆறே இழுத்துக்கொண்டு போகிறது. படித்துறைகள் எல்லாம் கிழக்கே பார்த்தவை. சூரியன் எதிர்க்கரை மணலிலிருந்து எழுந்து நேராக மேல்படி வரை அடிக்கிறது. தேவ தீபாவளி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. படி எங்கும் அகல் எரிந்த எண்ணெய்க் கறை.

மணிகர்ணிகைக்கு எதிரே படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். விறகு அடுக்கு வீட்டு உயரத்துக்கு. ஏழு சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. யாரோ போனைத் தூக்க, படகுக்காரர் அதட்டினார். அவர் பேசிய இந்தி அந்த ஒரு தடவைதான் எல்லாருக்கும் புரிந்தது. நாற்றம் இல்லை. அம்மாவின் பட்டியலில் அது மட்டும் சரி. காற்று எங்கள் பக்கம் வீசாததாலும் இருக்கலாம்.

சாவதற்காகவே வந்து தங்குகிறவர்களுக்கு ஊருக்குள் ஒரு விடுதி இருப்பதாகவும், பதினைந்து நாள்தான் அறை என்றும் வழிகாட்டி சொன்னார். சேலத்து அக்கா, "பதினஞ்சு நாள்ல ஆகலைன்னா?" என்று கேட்டார்.

"காலி பண்ணணும்மா."

"அப்போ வீட்டுக்குப் போய் மருமக மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றார் அம்மா. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 28

நேற்று எழுதியதில் விட்டுப்போனது: படகுக்காரர் 84 படித்துறையும் காட்டியதாகச் சொல்லி ஆளுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டார். பார்த்தது பாதிகூட இருக்காது. மணிகர்ணிகைக்கு வடக்கே ராஜ்காட் தாண்டி வருணை சேருகிற இடம் வரை போகவே இல்லை. அசி, வருணை என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருப்பதால்தான் வாரணாசி என்பார்கள். நாங்கள் 'வார'வைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3

காசியில் தமிழுக்கு ஒரு தெரு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தெரு இல்லை, பல இடம்.

கேதார் காட்டில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர். அதை ஒட்டிக் குமாரசாமி மடம், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் வைத்தது. இங்கே பேச வேண்டிய மொழியை அருளும்படி கலைமகளைப் பாடிவிட்டு இந்துஸ்தானியில் பேசினார் என்று கதை. டோட்டோக்காரனிடம் பேரம் பேசித் தோற்றபோதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

நகரத்தார் சத்திரம் கோதோலியா பக்கம், 1863இலிருந்து நடக்கிறது. அங்கிருந்து விசுவநாதர் பூசைக்குச் சாமான்களைத் தலையில் சுமந்துகொண்டு "சம்போ, சம்போ" என்று கூவிக்கொண்டே போகிறார்கள். சந்தில் அந்தச் சத்தம் கேட்டால் போலீசும் ஒதுங்குகிறது, காளையும் ஒதுங்குகிறது. விசாலாட்சி கோவில் கோபுரத்தைப் பார்த்தால் காரைக்குடியில் இருக்கிற மாதிரி இருக்கும், அதுவும் அவர்கள் திருப்பணி.

அனுமான் காட் பக்கம் பாரதி இருந்த வீடு. அப்பா இறந்த பிறகு 1898இல் அத்தை வீட்டுக்கு வந்தவர். முண்டாசும் மீசையும் இங்கே வந்ததுதான் என்பார்கள். அவர் இருந்த இடத்தை 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக ஆக்கியிருக்கிறது. எங்களுக்கு அங்கே பத்து நிமிடம். 42 பேரில் ஆறு பேர் வந்தோம். மற்றவர்கள் ஃபில்டர் காபி கிடைக்கிறது என்று தெரிந்து பக்கத்துத் தெருவில். குறை சொல்லவில்லை, நானும் அப்புறம் போனேன்.

இடையில் ஒரு தகவல்: காசி அல்வா காசியில் கிடைக்கவில்லை. நாலு கடையில் கேட்டேன். பூசணிக்காயில் அல்வாவா என்று என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 4

ஒரு ஒப்புதல். முதல் நாள் எழுதினேனே, 41 வந்தால் அந்த ஒருவரைத் தேடி அரை மணி நேரம் போகும் என்று. அந்த ஒருவர் இரண்டு தடவை நான்தான்.

காலை ஏழு மணிக்குச் சந்து முனையில் கச்சோடி, உருளைக்கிழங்குக் கூட்டு, கூடவே ஜிலேபி. காசிக்கு வந்து இட்லியும் ரவா உப்புமாவும் தின்று திரும்புவதா என்று நழுவினேன். திரும்பி வந்தால் வண்டி முழுக்க 41 ஜோடிக் கண்கள். சமையல்காரருக்குத்தான் வருத்தம். "நம்ம சாப்பாடு பிடிக்கலையா சார்?" நாலரை மணிக்கு நாம் எழுவதற்காக இரண்டரைக்கு எழுகிற ஆள். மறுநாள் ஒரு மண்குவளையில் மலையோ வாங்கிப்போய்க் கொடுத்தேன். பாலைப் பனியில் வைத்துக் கடைந்த நுரை, குங்குமப்பூ வாசம், வாயில் போட்டால் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது. சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார். "இதுக்குப் பசி அடங்குமா சார்?"

பிப்ரவரி 18

கயாவைப் பற்றி எழுதாமலே விடலாம் என்று நினைத்தேன். தினமும் யாராவது கேட்கிறீர்கள்.

காசியிலிருந்து 250 கிலோமீட்டர். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பல்குனி ஆறு மணலுக்கு அடியில் ஓடுகிறது, சீதை சாபம் என்று சொல்வார்கள். தசரதருக்கு அவள் மணலில் பிண்டம் வைத்ததற்கு ஆறு பொய்சாட்சி சொன்னதாம், ஆலமரம் மட்டும் மெய் சொன்னதாம். இப்போது 2022இல் ரப்பர் அணை கட்டியதால் விஷ்ணுபாதக் கோவிலுக்கு எதிரே தண்ணீர் நிற்கிறது. சாபம் பாதி நீங்கியது என்று ஈரோட்டு மாமா சொன்னார்.

ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தோம். சடங்கு செய்துவைக்கிற வாத்தியார் தமிழ் பேசுகிறவர். அப்பாவுக்கும் அவருக்கு முந்தைய தலைமுறைகளுக்கும் வைத்து முடித்த பிறகு, உறவே இல்லாதவர்களுக்கும் வைக்கலாம் என்றார். நண்பர், வேலைக்காரர், வளர்த்த மாடு, நிழல் கொடுத்த மரம், யாருமே நினைக்காமல் போனவர்கள். பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவந்து என் காதில் சொன்னார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பாட்டி. லட்சுமி என்ற பசு. அடுத்த வீட்டில் கிணற்றில் விழுந்து போன பிள்ளை; நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவன் பெயரை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு வாத்தியார், "அம்மா இருக்கிறவங்க எழுந்து அந்தப் பக்கம் உட்காருங்க" என்றார். மாத்ரு சோடசி. தாய்க்கு மட்டும் பதினாறு பிண்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுலோகம், தமிழில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். வயிற்றில் இருந்தபோது காலால் உதைத்தேனே, அந்த வலிக்கு ஒன்று. பிரசவ வேதனைக்கு ஒன்று. எனக்கு நோய் வரக்கூடாது என்று கசப்பு மருந்தை நீ குடித்தாயே, அதற்கு ஒன்று. இரவெல்லாம் என் ஈரத்தில் நீ படுத்தாயே, அதற்கு ஒன்று.

ஈரோட்டு மாமாவுக்கு 68 வயது. ஏழாவது பிண்டத்தில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அவர் மணிக்கட்டைப் பிடித்து வைக்க வைத்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த எங்கள் நாலைந்து பேருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்: "பதினாறுதானா?"

"ஆமா."

"உன் ஒருத்தனுக்கே முப்பது சொல்லுவேன்."

பிப்ரவரி 19

இல்லை, அம்மா அழவில்லை. நான் அழுதேனா என்பது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

காய், பழம், இலை விடுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். "காசிக்குப் போய்ப் பாகற்காயை விட்டேன்" என்று ஊரில் சொல்வோம், நானும் காசி என்றுதான் நினைத்திருந்தேன். விடுவது கயாவில், அட்சயவடம் என்கிற ஆலமரத்தடியில். பிடித்ததை விட வேண்டும் என்பார் வாத்தியார். பிடிக்காததைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். ஒருவர் ஆப்பிளை விட்டார், காசு மிச்சம். அம்மா பலாப்பழம், டாக்டர் ஏற்கெனவே நிறுத்தியது. அந்தப் பதினாறைக் கேட்டுவிட்டு வந்த வேகத்தில் நான் கத்தரிக்காயை விட்டுவிட்டேன். இரண்டரை மாதமாகக் கல்யாண வீடுகளில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணெய்க் கத்தரிக்காயை மோந்து பார்க்கிறேன். கத்தரிக்காய் கொத்சு சேருமா, காய் விட்டால் கொத்சும் விட்டதாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 20

கொத்சும் சேருமாம். ஏழு பேர் பதில் போட்டுவிட்டீர்கள். நன்றி சொல்ல மனம் வரவில்லை.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். விமானத்தில் அழைத்துப் போனாராம், நல்ல விடுதி, தரிசனத்துக்குச் சீட்டு, சக்கர நாற்காலி, எல்லாம் சரியாக நடந்ததாம். சாரநாத் அருங்காட்சியகத்தில் சிங்கத்தையும் பார்த்தார்களாம். எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவர் அம்மாவுக்கு நிறைவு என்றால் வேறு என்ன வேண்டும்.

என் முதல் குறிப்பை மறுபடி படித்தேன். நாலு விநாடி என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், உனக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று. "நல்லாத்தான் பாத்தேன். கையால தொட்டேனே." எனக்கு முன்னால் போனவர், அதே வரிசை, அதே தள்ளு. நான் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்கே இரண்டு விநாடி போயிருக்கும்.

தனியாகப் போங்கள் என்று யாருக்குச் சொன்னேன் என்று இப்போது எனக்கே சந்தேகம். 48 வயதுக்காரன் ஒருவனுக்கு என்றால் அது சரியான பதில்தான்.

2025 ஜனவரி 3

கும்பமேளாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். வேண்டாம். 70 வயதுக்கு அந்தக் கூட்டம் ஆகாது. மேளா பிப்ரவரி 26இல் முடிகிறது, கூட்டம் வடிந்த பிறகு போங்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனிக்கு ரயில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாவது சாதாரணம். அதையும் கணக்கில் வையுங்கள்.

2025 ஆகஸ்ட் 10

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். காசி யாத்திரை நேற்றுதான் முடிந்தது, அதைப் பதிய வேண்டும்.

கங்கைச் சொம்பு ஒன்றரை வருடமாக எங்கள் பூசை அறையில் இருந்தது. நானே காரில் கூட்டிப் போகிறேன் என்று மூன்று தடவை சொன்னேன். "பாக்கலாம்" என்றார். குழுவின் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் தினமும் நாற்பது வருகிறது. அதற்குள்ளேயே பேசி, ஆடி அமாவாசைக் கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து, பதின்மூன்று பேர் ஒரு வேன் பிடித்துவிட்டார்கள். சேலத்து அக்கா, ஈரோட்டு மாமா, அந்தச் சமையல்காரரும்கூட. என்னிடம் கடைசியில்தான் தகவல் வந்தது. "எடம் இல்லடா. எண்ணிட்டோம்."

திருச்சி பேருந்து நிலையம் அருகே விடியற்காலை ஏற்றிவிட்டேன். இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, சொம்பை உடைத்து அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு இரவே திரும்பினார்கள். முழங்கால் வீங்கியிருந்தது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

ஏற்றிவிடும்போது ஈரோட்டு மாமா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீங்க அந்த ரூம்லதானே படுத்திருந்தீங்க. உண்மையைச் சொல்லுங்க, பல்லி கத்திச்சா இல்லையா?"

அம்மா அவர் பக்கத்தில் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை மாமா என்றேன்.

கத்தியது. மூன்று மணி இருக்கும், இரண்டு தடவை. அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தார்.